காட்சி நாற்பத்தொன்றில் ஒரு சாவு

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு ஃபீக்ரா சகோதரர் செனானைக் கொன்றான். கத்தி, கோடரி எதுவும் கிடையாது. சுவர் முழுக்க ஒட்டியிருந்த காட்சி அட்டைகளில் நாற்பத்தொன்றாம் வரிசையை மட்டும் உரித்தெடுத்து, இரண்டாக மடித்து, என் மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டான். போட்டுவிட்டு, "அட்ராக்டா, டீத்தூள் தீர்ந்துபோச்சு" என்றான்.

அட்ராக்டா நான்தான். கில்டெரின் என்ற எங்கள் சிற்றூரில், பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தில் கார்ட்டூன் படம் எடுக்கிறார்களே, அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். டீத்தூள், பென்சில், கூரை ஒழுகல், எல்லாம் என் தலையில்தான். படம் வரைகிறவர்கள் முப்பது பேர். குடித்த கோப்பையைக் கழுவிவைக்கிறவர்கள் இரண்டு பேர்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய கதை. மானாக மாறத் தெரிந்த ஒரு பெண், மடத்தில் வளரும் அனாதைக் குழந்தைகளைக் கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிறாள். கன்றுத்தோலில் எழுதிய பழைய வேதப் புத்தகங்களின் ஓரத்தில் தன் வாலைத் தானே கடிக்கும் நாயும், கழுத்தோடு கழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்ட கொக்கும் இருக்குமே, படம் முழுக்க அந்த மாதிரியே இருக்கவேண்டும் என்பது இயக்குநர் ஃபீக்ராவின் பிடிவாதம். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பிடிவாதத்துக்கு மட்டும் எண்பது.

செனான் அந்தப் படத்தில் ஒரு துறவி. வசனமே கிடையாது. பழைய புத்தகத்து மனிதர்களைப் போல முகம் நேரே பார்க்கும். பாதம் இரண்டும் இடப்பக்கம் பார்க்கும். தாடி ஒன்பது முடிச்சாகப் பின்னிப் பின்னிப் போய்க் கடைசியில் ஒரு வாத்துத் தலையில் முடியும். கொள்ளைக்காரர்கள் வரும்போது குழந்தைகள் வட்டக் கோபுரத்துக்குள் ஏறி ஒளிந்துகொள்ள வேண்டும். கோபுரத்தின் கதவு தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் இருக்கும். செனான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். கடைசிக் குழந்தையும் உள்ளே போனபிறகு, கொள்ளைக்காரர்கள் கையில் சிக்காதபடி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்துபோவார். படத்தில் அவருடைய வேலை அவ்வளவுதான்.

அந்த அவ்வளவை மாலகி மூன்று வருஷம் வரைந்தான். மாலகி என்னோடு பள்ளியில் படித்தவன். எல்லோரும் கணினிக்கு மாறியபிறகும் காகிதத்தில் பென்சிலால்தான் வரைவேன் என்று உட்கார்ந்திருந்தவன். ஏழாயிரத்துச் சொச்சம் தாள்கள். ஒன்றுகூட இன்னும் கணினியில் ஏறவில்லை.

"படம் பதினோரு நிமிஷம் அதிக நீளம் மாலகி," என்றான் ஃபீக்ரா. "எங்கயாவது வெட்டியே ஆகணும். ஏணிய மேல இருக்கறவங்களே இழுத்துக்கலாம். நெசத்துலயும் அப்படித்தான் இழுத்துக்கிட்டாங்க. சரித்திரமே என் பக்கம் இருக்கு."

"யாரு பிடிச்சுக்குவா?" என்றான் மாலகி.

"எத?"

"ஏணிய. சின்னப் பசங்க ஏறுறப்ப கீழ யாரு பிடிச்சுக்குவா?"

"ஏணிடா அது. அது பாட்டுக்கு நிக்கும்."

மாலகி பென்சிலை எடுத்தான். வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுகொள்வதாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினான். அன்று மதியம் சாப்பிடவும் இல்லை. இருபது வருஷமாகத் தினமும் இரண்டு ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கு வறுவலைக் கொட்டி அமுக்கிச் சாப்பிடுகிறவன் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தான். சொல்லிவிடுகிறேன், எனக்கும் செனானைப் பிடிக்கும். அந்தக் கட்டடத்தில் சொன்ன வேலையைச் சத்தம் போடாமல் செய்தவர் அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வாசல் கதவில் கறுப்பு ரிப்பன் கட்டி ஓர் அட்டை தொங்கியது. கடை முதலாளி இறந்தால் கதவில் மாட்டுவார்களே, அதே அட்டை. மாலகியின் கையெழுத்து.

'சகோதரர் செனான். திங்கள் காலை, திடீரென, பழைய பால் சொசைட்டியில். மாலகியும் உடன் உழைத்தோரும் ஆறாத் துயரில். பார்வைக்கு: வியாழன் மாலை மூன்று முதல் ஏழு வரை. பூக்கள் வேண்டாம்.'

மாலகி பாதி வேதனையிலும் பாதி எரிச்சலிலும் எழுதியது அது. ஃபீக்ராவின் கண்ணில் பட்டு உறுத்தட்டும் என்று மாட்டியிருக்கிறான். நேரத்தை ஏன் போட்டாய் என்று பிறகு கேட்டேன். "நேரம் போடாம எப்படி அட்ராக்டா?" என்றான், நான்தான் புத்தி கெட்டுக் கேட்டதுபோல. வாஸ்தவம்தான். பார்வை நேரம் போடாத சாவு அறிவிப்பை எங்கள் ஊரில் ஒருவருக்கும் எழுத வராது. கை தானாக எழுதிவிடும். ஃபீக்ராவோ படத்துக்குப் பணம் போட்டவர்களைப் பார்க்க டப்ளினுக்குத் திங்கள் இரவே கிளம்பிவிட்டிருந்தான்.

அட்டையைப் படித்தவர் கார்னி ஹான்ராஹன். எதிர்த்த தெருவில் முன்பக்கம் பப், பின்பக்கம் சவப்பெட்டி என்று இரண்டு தொழிலையும் ஒரே கூரைக்குக் கீழே நடத்துகிறவர். தெருவில் ஒரு சாவு விழுந்து தன்னிடம் சொல்லவில்லையே என்று அவருக்கு முதலில் முணுக்கென்று கோபம். பிறகு, துக்கத்தில் இருக்கிறவர்களைப் போய்க் கேள்வி கேட்பது அழகில்லை என்று தானே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு உள்ளூர் வானொலியில் வழக்கம்போல அன்றைய சாவுகளை வாசித்தார்கள். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெயர் செனான். கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

அப்போதே தொலைபேசியை எடுத்து, அது கார்ட்டூன் என்று சொல்லியிருக்கலாம். எடுக்கத்தான் போனேன். கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி இன்னும் சூடு ஆறாத பழக் கேக்கை என் கையில் வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மனச திடப்படுத்திக்கோ அட்ராக்டா. என்ன ஒரு மனுஷன்!" என்றாள். நான் "ரொம்ப நன்றி" என்று சொல்லித் தொலைத்தேன். கேக்கையும் வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு இல்லை என்பது?

வியாழக்கிழமை மதியத்துக்குள் என் மேசையில் ஒன்பது கேக்குகளும் பன்றிக்கறி சாண்ட்விச் தட்டுகள் இருபத்திரண்டும் சேர்ந்துவிட்டன. ஒரு மணிக்குக் கார்னி பெட்டியோடு வந்தார்.

"அளவு என்ன?" என்றார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

மாலகி ஒரு தாளை எடுத்துக் காட்டினான். "இவ்வளவுதான் கார்னி. மத்ததெல்லாம் இதேதான், கொஞ்சம் கொஞ்சம் நகந்திருப்பாரு."

கார்னி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். "நல்லதாப் போச்சு. தூக்கறவங்க இடுப்பு தப்பிச்சுது," என்றார். "வயசு?"

"ஆயிரத்து இருநூறு."

"கல்யாணச் சாவுதான்."

என்னால் பொறுக்கமுடியவில்லை. அவரை ஓரமாகக் கூட்டிப்போய், "கார்னி, அது காகிதம். உங்களுக்குத் தெரியுதா இல்லையா?" என்றேன்.

"குடும்பத்துக்காரங்க எதக் காட்டுறாங்களோ அதுதான் உடம்பு," என்றார் அவர். "நாப்பது வருஷத்துல நான் எதிர்க் கேள்வி கேட்டதில்ல. நீயும் கேக்காத."

ஏழாயிரம் தாள்களையும் வெள்ளைப் பட்டுத் துணியின்மேல் அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கவேண்டிய தாளை மாலகி தேடி எடுத்துவைத்தான். அதில் செனான் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்கு ஃபீக்ரா டப்ளினிலிருந்து வந்து இறங்கினான். வாசலில் சவவண்டி. அவன் முகம் வெளுத்தது.

"யாரு? யாரு போனது?"

"செனான்," என்றேன்.

"எந்தச் செனான்?"

"எத்தன செனானக் கொன்ன நீ?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கார்னி அவன் முழங்கையைப் பிடித்துப் பெட்டியின் தலைமாட்டில் போட்டிருந்த முதல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். "நீங்கதான பொறுப்பு? நெருக்கமானவங்க முதல்ல உக்காரணும். கை குடுத்தா வாங்கிக்கங்க, பேசணும்னு இல்ல." மூன்று மணி அடித்தது. கதவைத் திறந்தார்கள். வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நின்றது.

அன்று அந்த ஊரில் ஒருவராவது "யார் இவர்?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் துக்கவீட்டுக்குப் போய் அப்படிக் கேட்பதைவிட அந்தப் பெட்டிக்குள் நாமே படுத்துக்கொள்ளலாம். கூப்பிடாத சாவுக்கும் போவோம். தெரியாத சாவுக்கு இன்னும் சீக்கிரமாகப் போவோம், தெரியாது என்பது தெரிந்துவிடக் கூடாதே என்று.

ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அப்படியே அவரேதான்," என்றாள் தபால் நிலையத்து அம்மா.

"தூங்கற மாதிரியே இருக்காரு," என்றார் ஒருவர். செனானின் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன.

"அந்தக் காலு அவங்க அம்மா வழி."

"தாடிய மட்டும் கொஞ்சம் வாரி விட்டிருக்கலாம்."

பார்த்துவிட்டு எல்லோரும் ஃபீக்ராவிடம் வந்து கையைக் குலுக்கினார்கள். குலுக்கிவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அதைக் கேட்கலாம், அது மரியாதை.

"திடீர்னு..." என்றான் ஃபீக்ரா.

"முடியாம இருந்தாரா?"

"இல்ல. நீளம். நீளமாப் போயிட்டாரு."

"அடப் பாவமே. எங்க பெரியப்பாவுக்கும் அதேதான். எவ்வளவு நேரம் இழுத்துச்சு?"

"பதினோரு நிமிஷம்."

"பதினோரு நிமிஷந்தானா! கஷ்டப்படாமப் போயிட்டாரு, புண்ணியவான்."

இது வரிசையில் பின்னாலிருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வந்தவர்களெல்லாம் "பதினோரு நிமிஷமாமே" என்று சொல்லியே கையைக் குலுக்கினார்கள். கூட யாராவது இருந்தார்களா என்று ஒரு பெண் கேட்டாள். "நான் இருந்தேன்" என்றான் ஃபீக்ரா. "நல்ல வேள, நீயாவது இருந்தியே தம்பி" என்று அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. மாலகி மூலையில் நின்றபடி டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு மொஸ்ஸி வந்தார். மழை விட்டபிறகு வீடுகளின் கூரையோரத் தகரக் கால்வாயில் அடைத்துக்கொள்ளும் இலைகளை ஏணி போட்டு அள்ளுவது அவர் தொழில். தனிக்கட்டை. எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்று ஊரே சொல்லும். அவரிடமிருந்து ஒரு ஆணியை இரவல் வாங்கியவர்கூடக் கிடையாது.

மொஸ்ஸி பெட்டிக்குள் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "என் ஏணியத்தான் வாங்கிட்டுப் போனாரு," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். செனானுக்கு மாடு மேய்க்கத் தெரியும், ஃபிடில் வாசிப்பார் என்று அதுவரை ஊர் சொன்ன புளுகுகள் அத்தனையையும் நம்பலாம். மொஸ்ஸி ஏணி கொடுத்தார் என்பதை எப்படி நம்புவது?

"இரவலா குடுத்தீங்க?" என்றாள் தபால் நிலையத்து அம்மா.

"கேட்டாரு, குடுத்தேன்," என்றார் மொஸ்ஸி விறைப்பாக. "மூணாவது படி இல்லாத ஏணி. பாத்து ஏறணும்னு சொல்லித்தான் குடுத்தேன்."

பிறகு ஃபீக்ராவிடம் வந்து கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

"பிடிக்கத் தெரிஞ்ச ஆளு தம்பி அவரு. கையப் பாரு, எப்படிப் பிடிச்சிருக்காருன்னு. முப்பது வருஷமா ஏறிக்கிட்டிருக்கேன். கீழ ஒருத்தரும் நின்னதில்ல. போன மார்கழிக்கு முந்துன மார்கழி கோயில் கூரையிலருந்து விழுந்தேன். காலையில விழுந்தவன் மத்தியானம் வரைக்கும் அந்தப் புல்லுலயே கிடந்தேன். மேல பாத்துக்கிட்டே. ஏணி பாட்டுக்கு நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "இவரு போயிட்டாரு. இனிமே யாரு பிடிப்பா?"

ஃபீக்ரா பெட்டியைப் பார்த்தான். பிறகு மாலகியைப் பார்த்தான். மாலகி கெண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

அப்போது பாதிரியார் நுழைந்தார். மூன்று ஊர்த் தேவாலயங்களுக்கு அவர் ஒருவர்தான், எப்போதும் கார் என்ஜினை அணைக்காமலே இறங்குவார். "சீக்கிரம் ஆரம்பிச்சிடலாமா?" என்று பெட்டிக்குள் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார், சுற்றி நின்ற முகங்களையும் பார்த்தார். புத்திசாலி. ஒன்றும் கேட்காமல் புத்தகத்தைத் திறந்துவிட்டார். கார்னி மூடியைத் தூக்கினார்.

"மூடாதீங்க!" என்றான் ஃபீக்ரா.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முந்நூறு பேர் அவனைப் பார்த்தார்கள்.

"அவரு சாகல," என்றான். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அவரு சாகல. அவரு... அவரு இருக்கணும். நான் வேற எங்கயாவது வெட்டிக்கறேன்."

ஒருவர் வாயில் கடித்த சாண்ட்விச் அப்படியே இருந்தது. அந்த நிமிஷத்தில் என்ன ஆகப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. செத்தவர் சாகவில்லை என்றால் அடுத்த கேள்வி, யார் அவர் என்பது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் முந்நூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். அதற்கப்புறம் இந்த ஊரில் யாரும் யார் சாவுக்கும் போகமுடியாது.

கார்னியின் முகம் சிவந்தது. "என் பெட்டியில படுத்தவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் எந்திரிச்சதில்ல," என்றார்.

மொஸ்ஸி ஃபீக்ராவை உற்றுப் பார்த்தார். "உசுரோடதான் இருக்காரா?"

"இருக்காரு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்படின்னா," என்று மொஸ்ஸி தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார், "என் ஏணிய எப்பக் கொண்டாந்து தர்றாருன்னு கேட்டுச் சொல்லு."

கூடம் மூச்சு விட்டது. "ஆமா, ஏணி என்ன ஆச்சு?" என்றார் ஒருவர். "எங்க வீட்டு மண்வெட்டியும் அவருகிட்டதான் இருக்கு" என்றார் இன்னொருவர். பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டு, இறந்துபோனார் என்பதைவிட இது நல்ல செய்தி என்று சொல்லி ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். அன்று நான் முந்நூற்று நாற்பது கோப்பை டீ போட்டேன். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கார்னி மட்டும் காலிப் பெட்டியைத் தூக்கிப்போகுமுன், செனான் இறக்கவில்லை என்று ஃபீக்ராவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாலகி வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தான். ரொட்டியைப் பிரித்தான். நான் அவனுடைய துண்டுச் சீட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். ஃபீக்ரா, அந்தப் பெண் மானாக மாறி நிலா வெளிச்சத்தில் ஆடும் ஆட்டம் மொத்தத்தையும் வெட்டினான். பதினோரு நிமிஷம். அவன் தன் கையால் வரைந்த ஒரே காட்சி அதுதான். வெட்டும்போது அழுதானா என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்டினான்.

அடுத்த வருஷம் அறுவடை முடிந்தபிறகு படத்தை முதன்முதலில் எங்கள் ஊர்க் கூடத்தில்தான் போட்டார்கள். நான் மொஸ்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பத்தொன்றாம் காட்சி வந்ததும் கூடத்தில் இருமல்கூட இல்லை. கொள்ளைக்காரர்களின் படகுகள் கரையில் ஏறின. குழந்தைகள் கோபுரத்தை நோக்கி ஓடின. செனான் இரண்டு பாதமும் இடப்பக்கம் பார்க்க, வாத்துத் தலைத் தாடி காற்றில் ஆட, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணியில் மூன்றாவது படி இல்லை. மாலகி ஏழாயிரம் தாளையும் மறுபடி எடுத்துத் திருத்தியிருந்தான். ஒவ்வொரு குழந்தையும் அந்த இடத்தில் காலை எட்டி வைத்தது. ஒவ்வொரு தடவையும் செனான் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"நல்லாத் தேறிட்டாரு," என்று பின்னாலிருந்து கார்னியின் குரல் கேட்டது.

கடைசிக் குழந்தை உள்ளே போனது. செனான் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தார்.

"உங்க ஏணி போகுது மொஸ்ஸி," என்றேன் அவர் காதருகே. "ஃபீக்ராகிட்டச் சொல்லி வாங்கித் தரச் சொல்லவா?"

மொஸ்ஸி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தாடியும் ஏணியும் மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றார். "அவரே வச்சுக்கட்டும்."